தேக்கு என்று சொல்லி விற்கப்பட்ட கட்டில், அலமாரி குறித்துப் புகார்

நாள்: 20.01.2025
மயிலாடுதுறை

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
பர்னிச்சர் விற்பனை நிலையம்,
கும்பகோணம்.

பொருள்: 08.09.2024 அன்று திருமணச் சீருக்காக வாங்கிய பொருட்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, என் அப்பா என் கல்யாணச் சீருக்காக உங்கள் கடையில் மூன்று பொருட்கள் வாங்கினார். ஐந்துக்கு ஆறரை அடி கட்டில் ஒன்று, 46,000 ரூபாய். இரண்டு கதவு அலமாரி, 38,500 ரூபாய். கண்ணாடி மேசை, 13,500 ரூபாய். வரியும் சேர்த்து மொத்தம் 98,000 ரூபாய். அன்றே 50,000 முன்பணம் கொடுத்தோம், மீதி 48,000 ரூபாயை அக்டோபர் முதல் வாரத்தில் கட்டிவிட்டோம். பில்லும் இரண்டு ரசீதுகளும் என்னிடம் இருக்கின்றன. நகல்களை இணைத்திருக்கிறேன்.

நாங்கள் அந்தக் கட்டிலை எதற்காகத் தேக்கில் கேட்டோம் என்பதிலிருந்து சொன்னால்தான் இந்தப் புகார் உங்களுக்குப் புரியும்.

எங்கள் கல்யாணப் பேச்சு ஆனியில் முடிந்தது. ஆடியில் எதுவும் செய்ய மாட்டோம். ஆவணியில் நிச்சயம் நடந்தது. புரட்டாசியில் எங்கள் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. ஐப்பசி முதல் வாரத்தில், தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், அக்டோபர் 21-க்கு முகூர்த்தம் குறித்தோம். "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்று ஊரே சொல்லும் மாதம். அதனால் மழையை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் முடிவு செய்தோம். வாசல் பந்தலை நம்பாமல், பந்தி மண்டபத்துக்குள்ளேயே நடக்கும்படி இடம் பார்த்தோம். வெளியூர்க்காரர்கள் முதல்நாளே வந்து தங்க அறைகள் எடுத்தோம். மாலை கட்டுபவரிடம்கூட, மழையில் பூ வரத்து குறைந்தால் என்ன செய்வீர்கள் என்று அம்மா கேட்டு வைத்திருந்தார்.

சீர்ப் பொருட்களுக்கும் அதே யோசனைதான். என் புகுந்த வீடு மயிலாடுதுறை கூறைநாட்டில் இருக்கிறது. பழைய ஓட்டு வீடு. ஐப்பசி, கார்த்திகையில் தரை ஈரம் கோக்கும். நிச்சயத்துக்குப் போனபோதே அப்பா அதைக் கவனித்திருந்தார். உங்கள் கடையில் அவர் முதலில் கேட்ட கேள்வியே, "ஓட்டு வீடு, மழைக்காலத்தில் தரை ஓதம் அடிக்கும். அதைத் தாங்குமா?" என்பதுதான். உங்கள் விற்பனையாளர், "அதுக்குத்தான் சார் தேக்கு. வேற எதுவும் நான் சொல்ல மாட்டேன்" என்றார். இரும்புக் கட்டில் போதுமா என்று அம்மா ஒரு கட்டத்தில் யோசித்தார். அதில் பாதி விலைக்கு மேல் மிச்சமாகியிருக்கும். "ஒரே பொண்ணு, தேக்கே இருக்கட்டும்" என்றார் அப்பா.

மறுநாள், செப்டம்பர் 9 அன்று, உங்கள் கடை எண்ணிலிருந்து என் வாட்ஸ்அப்புக்கு மூன்று படங்கள் வந்தன. கீழே, "அசல் நிலம்பூர் தேக்கு. இருபது வருஷத்துக்குப் பேச்சே இல்லை" என்று எழுதியிருந்தது. அந்தச் செய்தியின் படத்தையும் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து அதை ஒருமுறை பாருங்கள்.

அக்டோபர் 18 அன்று பொருட்கள் மயிலாடுதுறை வந்துவிடும் என்றீர்கள். வரவில்லை. முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலை வரைக்கும் அப்பா உங்கள் கடைக்குப் போன் செய்துகொண்டே இருந்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்த நேரத்தில் அவர் மண்டப வாசலில் ஓரமாக நின்று போன் பேசியதை மாடியிலிருந்து பார்த்தேன். பாத்திரங்கள், குத்துவிளக்கு, மற்ற சீர் எல்லாம் போய்விட்டன. கட்டிலும் அலமாரியும் மட்டும் போகவில்லை. என் மாமனார், "அதனால என்ன சம்பந்தி, மெதுவா வரட்டும்" என்றார். அவர்கள் எங்களிடம் எதையுமே கேட்டதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கட்டில் வேண்டும், இத்தனை பவுன் வேண்டும் என்று ஒரு சொல் வந்ததில்லை. இது என் அப்பா தன் மகளுக்காக ஆசைப்பட்டு வாங்கியது.

கடைசியில் வண்டி வந்தது நவம்பர் 2 அன்று. நாங்கள் தலை தீபாவளிக்குக் கும்பகோணம் போயிருந்தோம். முன்கூட்டியே ஒரு போன்கூட உங்கள் பக்கமிருந்து வரவில்லை. குட்டியானையில், தார்ப்பாய் கூடப் போடாமல், தூறலில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். வீட்டில் அத்தை மட்டும்தான் இருந்தார். நனைந்திருக்கிறதே என்று கேட்டதற்கு, "தேக்கும்மா, துடைச்சா போதும்" என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் கையெழுத்தைக் காட்டித்தான் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாக இப்போது சொல்கிறீர்கள்.

புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு முதல் இரண்டு மாதம் எப்படி இருக்கும் என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் வளர்ந்துவிட்டு, இன்னொரு வீட்டில் எந்த டப்பாவில் மிளகு இருக்கிறது என்று தேட வேண்டும். எங்கள் வீட்டில் ஏழு மணிக்குக் காப்பி, இங்கே ஐந்தரைக்கு. வத்தக்குழம்பில் அவர்கள் வெல்லம் சேர்ப்பார்கள், எனக்கு அது பழக்கமில்லை. அத்தை பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். ஐப்பசி என்பதால் விடியற்காலையில் துலாக்கட்டத்துக்குக் காவிரியில் குளிக்க என்னையும் கூட்டிப்போவார். அந்தப் போக்குவரத்தில்தான் நாங்கள் இருவரும் மனம் விட்டுப் பேசப் பழகினோம். ஆனாலும் அந்த வீட்டில் என்னுடையது என்று இருந்தது ஓர் அறைதான். அந்த அறையில் என் பிறந்த வீட்டிலிருந்து வந்தவை உங்கள் கட்டிலும் அலமாரியும்.

நாங்கள் திரும்பி வந்த அன்றே கட்டிலின் கீழ் இழுப்பறை மூடவில்லை. காய்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தோம்.

நவம்பர் 15, ஐப்பசி கடைசி நாள். மயிலாடுதுறையில் அன்று கடைமுகம், ஐப்பசி மாதக் காவிரி நீராடல் நிறைவடையும் விழா. ஊர் நிறைந்துவிடும். எங்கள் வீட்டுக்கும் சொந்தக்காரர்கள் முதல்நாளே வந்துவிட்டார்கள். என் கணவரின் பெரியம்மாவுக்கு வயது 68. தரையில் உட்கார முடியாதவர். புதுக்கட்டில் இருக்கிறதே என்று நான்தான் அவரை எங்கள் அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். உட்கார்ந்த சற்று நேரத்தில் கால்மாட்டுப் பக்கம் போல்ட் பலகையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. கட்டில் ஒரு பக்கமாகச் சரிந்தது. பெரியம்மாவின் இடுப்பில் அடி. மறுநாள் முடவன் முழுக்குக்குப் போக வேண்டும் என்று ஆசையோடு வந்தவர், இரண்டு நாள் படுத்தே கிடந்தார். எலும்பு முறியவில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அன்று வீட்டில் பதினான்கு பேர் இருந்தார்கள். "பொண்ணு வீட்ல போட்ட கட்டிலா?" என்று யாரோ கூடத்தில் கேட்டது என் காதில் விழுந்தது. அதற்கு அத்தை, "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று உடனே பதில் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி வந்ததற்குக் காரணம் நீங்கள்.

பக்கத்துத் தெரு ஆசாரி வந்து பார்த்தார். பிய்ந்த இடத்தில் விரலை வைத்து நிமிண்டினார். மரத்தூள் உதிர்ந்தது. மரச் சில்லுகளைப் பசை போட்டு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு அது. மேலே தேக்கு ரேகை அச்சடித்த தாளை ஒட்டியிருக்கிறார்கள். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு, அதனால்தான் அது ஈரத்தையும் கரையானையும் தாங்குகிறது என்றும், இந்தப் போர்டு ஒருமுறை தண்ணீர் குடித்து உப்பிவிட்டால் காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது, போல்ட்டும் பிடிக்காது என்றும் அவர் சொன்னார். எடையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாதாம், போர்டும் கனமாகத்தான் இருக்குமாம். பலகையின் வெட்டுமுகத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்றார். உங்கள் பொருளில் எல்லா வெட்டுமுகத்தையும் பட்டி ஒட்டி மறைத்திருந்தீர்கள்.

நவம்பர் 16 அன்று உங்கள் கடைக்குப் போன் செய்தேன். 18 அன்று என் கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு நேரில் வந்தார். 23 அன்று உங்கள் ஆள் ஒருவர் வந்து, பிய்ந்த இடத்தில் இரும்புப் பட்டை ஒன்றை வைத்து முடுக்கிவிட்டுப் போனார். அதன் பிறகு வந்த 26, 27 தேதிகளில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடப்பதற்கு முன்னால் டெல்டாவில் பெய்த மழை உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, தரைதான் ஓதம் அடித்தது. அப்பா செப்டம்பரில் கேட்ட அதே ஓதம். அலமாரியின் அடிப்பலகை உப்பி, கதவு இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. நெம்பித் திறந்தபோது உள்ளே என் கூறைப்புடவையில் பூஞ்சணம் பூத்திருந்தது. இந்தக் கூறைநாட்டில் நெய்த புடவை. அத்தை தானே நெசவுக்காரர் வீட்டுக்குப் போய்க் கட்டம் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. நிழலில் உலர்த்தியும் மடிப்பில் கறை நிற்கிறது.

டிசம்பரில் நான் மூன்று முறை பேசினேன். முதல் முறை நீங்கள் ஊரில் இல்லை. இரண்டாவது முறை, பில் அப்பா பெயரில் இருப்பதால் அவர்தான் வர வேண்டும் என்றார்கள். மூன்றாவது முறை உங்கள் விற்பனையாளர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "பில்லில் 'டீக் கட்டில்' என்றுதான் இருக்கிறது. டீக் என்பது கலர் பேர் மேடம்." கலரைக் கேட்டா என் அப்பா 98,000 ரூபாய் கொடுத்தார்? வாட்ஸ்அப்பில் "அசல் நிலம்பூர் தேக்கு" என்று எழுதியதும் கலரா?

இவ்வளவு நாளும் இதை அப்பாவுக்கு நான் சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்குப்பா என்றே சொல்லிவந்தேன். அவர் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். சீட்டு எடுத்து உங்களுக்குக் கட்டிய பணம் அது. அந்தச் சீட்டுக்கு இன்னும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஜனவரி 12 அன்று, பொங்கல் சீர் கொண்டு அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். கரும்பு, மஞ்சள் கொத்து, பானை எல்லாவற்றையும் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு, கை கழுவப் போகிற வழியில் அப்பா எங்கள் அறையை எட்டிப் பார்த்தார். தரையில் பாய் விரித்திருந்தது. கட்டிலைக் கழற்றிச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தோம். அவர் உள்ளே வந்து, பிய்ந்த இடத்தைக் கையால் தடவினார். தூள் கையில் ஒட்டியது. "எப்பலேர்ந்தும்மா?" என்று கேட்டார். நவம்பரிலிருந்து என்றேன். வேறு எதுவும் பேசவில்லை. அன்று சரியாகச் சாப்பிடவும் இல்லை. இந்தக் கடிதத்தை அவரைக் கேட்காமல்தான் எழுதுகிறேன்.

நான் கேட்பது இவைதான். மூன்று பொருட்களையும் உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு 98,000 ரூபாயையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். பெரியம்மாவின் மருத்துவச் செலவு 3,850 ரூபாய், அதற்கான ரசீதுகளையும் இணைத்திருக்கிறேன். அதையும் தர வேண்டும். மாற்றுப் பொருள் வேண்டாம், இனி உங்கள் கடைப் பொருள் எதையும் நான் நம்பி வாங்க முடியாது. அப்புறம், என் அப்பாவுக்கு உங்கள் கடையின் கடிதத் தாளில், விற்றது தேக்கு அல்ல என்று ஒப்புக்கொண்டு ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். அதை அவர் நாலு பேரிடம் காட்ட முடிய வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வேண்டும். வராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பொருளை வாங்கியவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் அந்தச் சட்டப்படி நுகர்வோர்தான். அதனால் பில் அப்பா பெயரில் இருக்கிறது என்ற பதில் அங்கே செல்லாது. நான் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், கும்பகோணத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்வேன்.

பொருட்களை எடுக்க வரும்போது முதல்நாளே எனக்குப் போன் செய்துவிட்டு வாருங்கள். நான் வீட்டில் இருக்கும்போது மட்டுமே வர வேண்டும். என் அத்தையிடம் இனி எந்தத் தாளிலும் கையெழுத்துக் கேட்க வேண்டாம்.

இணைப்பு: பில் மற்றும் ரசீதுகளின் நகல், 09.09.2024 வாட்ஸ்அப் செய்தியின் படம், பழுதான பொருட்களின் புகைப்படங்கள் 11, மருத்துவ ரசீதுகள்.

இப்படிக்கு,
உங்கள் கடையில் சீர் வாங்கியவரின் மகள்,
கூறைநாடு, மயிலாடுதுறை.