விதைக்கா பஞ்சம்?

ஆசிரியருக்கு,

2025 அக்டோபரில் செயற்கை மழைக்காக டில்லி வானில் மேகத்துக்கு விதையாக வெள்ளி அயோடைடு தூவியும் மழை வரவில்லை. விதை போதவில்லை என்று இங்குள்ள நம்மவர்கள் பேசிக்கொள்கிறார்கள். புகையும் தூசியும் மிதக்கும் இந்த ஊரில் விதைக்கு என்ன பஞ்சம்? இல்லாமல் போனது ஈரப்பதம்தான்.

நீராவி தானாகத் துளியாகாது. ஒட்டிக்கொள்ள, விதைபோல ஒரு துகள் வேண்டும். உப்பு, சல்பேட் (கந்தகப் புகையிலிருந்து உண்டாவது) போல நீரை இழுக்கும் துகள்கள் அளவோடு இருந்தால் மேகத்துளி பருக்கும். கன சென்டிமீட்டருக்கு ஆயிரக்கணக்கில் மொய்த்தாலோ, இருக்கிற நீரைப் பங்குபோட்டுக்கொண்டு எல்லாம் பொடித்துளியாகவே நிற்கும். ஒரு மழைத்துளிக்குச் சுமார் 10 லட்சம் மேகத்துளிகள் சேரவேண்டும். பொடிகள் மோதிச் சேர்வது அரிது. ஜனவரி மூடுபனி காலை 10 மணிக்கும் கலையாததில் இதற்கும் பங்குண்டு.

வெயில் விஷயம் வேறு. சல்பேட் ஒளியைச் சிதறடித்துத் தரையைக் குளிர்விக்கும். கரித்துகளோ ஒளியை விழுங்கித் தான் இருக்கும் காற்றடுக்கைச் சூடாக்கும். கீழே குளிர், மேலே சூடு: பானைக்கு மூடி போட்டாற்போல் புகை அடியிலேயே கிடக்கும். அதே கரி இமயப் பனியில் படிந்தால் பனி சீக்கிரம் உருகும்.

பிஎம் 2.5 எனப்படும் காற்றின் நுண்துகள் அளவை மட்டும் அச்சிடுகிறீர்கள். அது வெறும் எடை. அதில் கரி எவ்வளவு, சல்பேட் எவ்வளவு என்பதையும் கிடைக்கிற நாளிலாவது போடுங்கள்.

– வாசகர், மயூர் விகார், டில்லி