நான்கு சதுக்கங்களுக்கு நாற்பது நிமிடமா?

மூத்தோர் குழுக்களைக் கியூபாவுக்கு அழைத்துச் செல்லும் ரொறன்ரோ சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். வரடேரோ கடற்கரை விடுதியில் ஒரு வாரம் தங்கவைத்து, இடையில் ஒரு நாள் ஹவானாவைக் காட்டி வரும் உங்கள் நிகழ்ச்சிநிரலை உங்களுக்கே நான் விளக்கத் தேவையில்லை. காலையில் புறப்பட்டால் பாக்குனயாகுவா பாலத்தருகே அன்னாசிப் பானம் குடிக்க ஒரு தரிப்பு, துறைமுகத்துக்குக் கீழாகச் செல்லும் சுரங்கப்பாதையால் நகரப் பிரவேசம், புரட்சிச் சதுக்கத்தில் சே குவேராவின் முகம் தெரிய ஒரு படம், பிறகு சுருட்டும் ரம்மும் விற்கும் கடை, மதிய உணவு, கைவினைச் சந்தை. இத்தனையும் முடிந்து மிஞ்சுகிற நாற்பது நிமிடத்தில்தான், 1982 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கும் பழைய ஹவானா எங்களுக்குக் காட்டப்படுகிறது. கடந்த குளிர்காலத்தில் எங்கள் குழுவுக்கு அங்கே நேர்ந்ததே இந்த மடலை எழுத வைத்தது.

எங்களுடன் வந்தவர்களில் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை ஒருவர் இருந்தார். எண்பதை நெருங்கும் வயது; ஒரு முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்தவர். கருங்கல் பாவிய வீதிகளில் உங்கள் வழிகாட்டியின் கொடியைத் துரத்திக்கொண்டு அவர் பேராலயச் சதுக்கத்தை வந்தடைந்தபோது, அவருக்குத் தேவைப்பட்டது உட்கார ஓர் இடம் மட்டுமே. அந்தச் சதுக்கத்தில் மரம் இல்லை, பொதுவான வாங்கும் இல்லை. இருந்த கதிரைகள் எல்லாம் உணவகத்துக்குச் சொந்தமானவை. அதில் ஒன்றில் அவர் அமர்ந்ததும், பணியாளர் மிகுந்த மரியாதையுடன் விலைப்பட்டியலைக் கொண்டுவந்து நீட்டினார். கையில் உள்ளூர்ப் பணம் இல்லாத ஆசிரியை எழுந்து, ஆலயப் படிக்கட்டில் வெயிலில் போய் இருந்தார். அவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் வழிகாட்டி, “நேரமாகிவிட்டது, எல்லோரும் பேருந்துக்கு” என்று அறிவித்தார்.

அந்தச் சதுக்கத்தின் மூலையிலேயே சோரோ சந்து என்றொரு முட்டுச் சந்து இருக்கிறது. அல்மெந்தாரிஸ் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி ஹவானாவுக்குக் கொண்டுவரப்பட்ட தண்ணீர் அங்கேதான் வந்து விழுந்தது; 1592 என்று ஆண்டு பொறித்த கல் இன்றும் சுவரில் பதிந்திருக்கிறது. மழைநீர் தேங்கிய சதுப்பு நிலமாக இருந்த இடத்தில்தான் இந்தச் சதுக்கமும், ஒன்றுக்கொன்று அளவில் ஒவ்வாத இரண்டு கோபுரங்களோடு நிற்கும் பேராலயமும் எழுந்தன. இதையெல்லாம் படித்து, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்த ஒரே ஆள் அந்த ஆசிரியைதான். அந்தக் கல்லை அவர் பார்க்கவில்லை. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது அது.

எனக்குக் கோபம் மூட்டுவது இதுவல்ல. இதைத் தவிர்ப்பது எவ்வளவு எளிது என்பதுதான். பேராலயத்திலிருந்து மெதுவாக நடந்தாலும் சில நிமிடங்களில் ஆர்மாஸ் சதுக்கத்துக்குப் போய்விடலாம். அங்கே நிழல் தரும் மரங்கள் உண்டு, பளிங்கு வாங்குகள் உண்டு, யாரும் விலைப்பட்டியல் நீட்டுவதில்லை. அந்த வாங்கில் இருந்தபடியே ஒரு முதியவர் நகரத்தின் பாதி வரலாற்றைக் கண்ணால் பார்த்துவிடலாம். ஒரு பக்கம் 1519இல் இலவ மரத்தடியில் நகரம் நிறுவப்பட்டதன் நினைவாக 1828இல் கட்டிய எல் தெம்ப்ளெத்தே என்ற சிறு நினைவு மண்டபம். அதன் முற்றத்து மரத்தை நவம்பர் 16ஆம் நாளை ஒட்டி நகரத்தார் இன்றும் சுற்றிவந்து வேண்டுதல் வைக்கிறார்கள். மரத்தைச் சுற்றிக் கும்பிடுவதை எங்கள் அம்மாமாருக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்ப்பக்கம் ஸ்பானிய ஆளுநர்களின் மாளிகை. அதன் வாசலில் உள்ள தெருவில் மட்டும் கல்லுக்குப் பதிலாக மரக்கட்டைகள் பாவியிருக்கும். குதிரை வண்டிச் சத்தம் ஆளுநரின் உறக்கத்தைக் கெடுக்காதிருக்க அப்படிச் செய்தார்கள் என்பது அந்த ஊர்க்கதை. ஆளுநரின் உறக்கத்துக்காகத் தெருவையே மாற்றியிருக்கிறார்கள். ஓர் ஆசிரியையின் முழங்காலுக்காக உங்களால் நிகழ்ச்சிநிரலில் ஒரு வரியை மாற்ற முடியவில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான்: பேராலயச் சதுக்கம், ஆர்மாஸ் சதுக்கம், சான் பிரான்சிஸ்கோ சதுக்கம், பழைய சதுக்கம் ஆகிய நான்குக்கும் சேர்த்துக் குறைந்தது இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள், நடையை ஆர்மாஸ் சதுக்கத்தில் தொடங்கி, அங்கே அரை மணி நேரம் உட்கார விடுங்கள்.

மற்ற இரண்டு சதுக்கங்களை எங்கள் குழு பேருந்தின் கண்ணாடி வழியாகக்கூடப் பார்க்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ சதுக்கத்தில் 1836இல் அமைத்த வெண்பளிங்குச் சிங்க நீரூற்று இருக்கிறது. பழைய சதுக்கத்தின் கதையோ இன்னும் சுவையானது. 1952இல் அதன் நடுவைத் தோண்டி நிலத்தடி வாகனத் தரிப்பிடம் கட்டி, சதுக்கத்தையே மேடாக்கிவிட்டார்கள். 1990களில் நகர வரலாற்றாளர் எவ்சேபியோ லெயால் தலைமையில் நடந்த மீட்புப் பணியில் அதை இடித்து, பழைய மட்டத்துக்கே தரையைக் கொண்டுவந்தார்கள். சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் நாடே பட்டினியில் தவித்த காலம் அது. 1993இல் அவரது அலுவலகத்துக்கு விடுதிகளும் உணவகங்களும் நடத்தும் அதிகாரம் கொடுக்கப்பட்டது, அந்த வருமானத்தில்தான் கட்டடங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. நாங்கள் செலவிடும் பணம் எங்கே போனது என்பதைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் அது. அதைக் காட்டாமல், பணத்தைச் செலவிடும் இடத்தை மட்டும் காட்டுகிறீர்கள்.

அந்தச் சுருட்டுக் கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழுவில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்தவர்கள். புகையிலைத் தோட்டத்துக்குத் துலா மிதித்து இறைத்தவர்களும், சுருட்டுக் கொட்டிலைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். அவர்களைக் குளிரூட்டிய கடையில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, இலையைச் சுருட்டினால் சுருட்டு வரும் என்று நீங்கள் கற்பித்த பெருந்தன்மையை நாங்கள் மறக்கமாட்டோம். அந்தக் கடையில் விற்பனைக்கு ஏற்ப யாருக்கு என்ன கிடைக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் அங்கே நேரம் தாராளமாக இருந்தது, கதிரைகளும் இருந்தன, வழிகாட்டி ஒருமுறையேனும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். மூத்தோர் என்றால் வாய் திறக்காத பயணப் பொதிகள், ஏற்றினால் ஏறுவார்கள், இறக்கினால் இறங்குவார்கள் என்ற எண்ணம் எங்கள் சமூகத்தில் பரவலாகத்தான் இருக்கிறது. கோயில் யாத்திரைகளிலும் கலியாண மண்டபங்களிலும் இதையே காண்கிறோம். சுற்றுலா நடத்துபவர்களிடமும் அதுவே இருப்பதில் வியப்பில்லை.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு வேறெங்கோ போய்விட்டேன்.

குற்றத்தை அந்த நகரத்தின் மேல் போட்டு விலகிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 2024 அக்டோபரில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோனதை நாம் அறிவோம். பழைய ஹவானாவின் பல வீடுகளுக்கு இன்றும் தண்ணீர் வண்டிகளில்தான் வருகிறது. அப்படிப்பட்ட ஊரில் எங்களுக்காகத் தண்ணீர்க் குழாய் வைக்கவில்லையே என்று நாங்கள் குறைசொல்ல முடியாது. பேருந்தில் ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர் வைப்பதும், கழிப்பறை வாசலில் இருக்கும் பெண்மணிக்குக் கொடுக்கச் சில்லறைப் பெசோக்களை முன்கூட்டியே மாற்றித் தருவதும் உங்கள் கையில் இருக்கிறது. மடக்குக் கதிரைகள் சிலவற்றைப் பேருந்தின் அடியில் போட்டுவந்தால் பேராலயச் சதுக்கத்திலும் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்த குளிர்காலப் பயணத்துக்கான துண்டுப்பிரசுரம் இன்னும் அச்சாகவில்லை என்று அறிகிறோம். அதில் “பழைய ஹவானா – இரண்டரை மணி நேரம், ஆர்மாஸ் சதுக்கத்தில் ஓய்வுடன்” என்ற வரியைச் சேர்த்து, சுருட்டுக் கடையை விரும்பியோருக்கு மட்டும் என்று மாற்றித் தருமாறு தயவுடன் வேண்டுகிறோம். அந்த வரி வந்தால் எங்கள் சங்கத்திலிருந்து மறுபடி பெயர் கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். முதலில் கொடுக்கப்போகிறவர் அந்த ஆசிரியை.

இப்படிக்கு,
மூத்தோர் சங்க உறுப்பினர் ஒருவர்
ரொறன்ரோ