குதிரை விழுந்தும் வெடிக்காத தோட்டா

அன்பு மகளுக்கு,

ஒஹையோவில் நீ வாங்கிய பழைய பிரௌனிங் ஆட்டோ-5 துப்பாக்கியின் படங்களைப் பார்த்தேன். விசையை இழுத்ததும் குதிரை, அதாவது உள்ளே அடிக்கும் சுத்தியல், விழுந்தும் தோட்டா வெடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். வெடிக்காத தோட்டாவின் ப்ரைமரில், அதாவது அடிபட்டதும் பற்றிக்கொள்ளும் அடிமூடியில், லேசாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. அதைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின் எட்டுகிறது, அடிதான் போதவில்லை. புது உதிரி எதுவும் இப்போது வாங்காதே.

வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்காதே. துப்பாக்கி வாயை ஆபத்தில்லாத பக்கம் காட்டி அரை நிமிடமாவது பொறு. பிரிப்பதற்கு முன் தோட்டா உட்காரும் அறை, மற்ற தோட்டாக்கள் இருக்கும் மேகசின் இரண்டையும் கண்ணால் பார், விரலாலும் தடவிப் பார். தோட்டாக்கள் வீட்டில் வேறொரு அறையில் இருக்கட்டும்.

ஜான் பிரௌனிங் 1900இல் காப்புரிமை பெற்ற வடிவம் இது. சுடும்போது பேரலும் (குழல்), அதன் பின்வாயை மூடும் போல்ட்டும் ஒன்றாகப் பின்னால் வரும். பிறகு பேரல் முதலில் முன்னே போக, போல்ட் அதைத் தொடரும். போல்ட் முழுதாகப் பூட்டாமல் நின்றால் குதிரையின் வேகம் ஃபயரிங் பின்னுக்குப் போய்ச் சேராது. ஆகவே அடி குறைவதற்கு நான் மூன்று இடங்களைச் சந்தேகிப்பேன்: ஃபயரிங் பின் ஓடும் துளை, குதிரையைத் தள்ளும் பட்டை ஸ்ப்ரிங், தோளில் வைக்கும் பின்கட்டைக்குள் குழாயில் இருக்கும் போல்ட் ஸ்ப்ரிங். பெரும்பாலும் குற்றவாளி முதல் இடம்தான். பல வருட எண்ணெய் அங்கே அரக்குபோல் இறுகிக் கிடக்கும். கரைப்பானில் ஊறவைத்துத் துடை. போல்ட்டைக் குலுக்கினால் ஃபயரிங் பின் தடையின்றி ஓட வேண்டும். துளைக்குள் திரும்ப எண்ணெய் விடாதே. பனிக்காலத்தில் மறுபடி கெட்டியாகிவிடும். பின்கட்டைக் குழாயையும் அப்படியே சுத்தம் செய். ஸ்ப்ரிங்கை வெளியே எடுக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள், அது துள்ளிப் பாயும்.

ஸ்க்ரூக்களின் பிளவு மிக மெலிது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைத் திரும்பவிடாமல் பிடிக்கும் குட்டி ஸ்க்ரூ இருக்கும், முதலில் அதைக் கழற்று. சாதாரணத் திருப்புளி அந்தப் பிளவைச் சிதைத்துவிடும். துப்பாக்கிக்கென்று விற்கும், விளிம்பு இணையாகத் தீட்டியதை வாங்கு. இதில் மட்டும் காசு பார்க்காதே.

குதிரையைப் பிடித்திருக்கும் கொக்கிகளில் அரமோ தீட்டுக்கல்லோ படவே கூடாது. கடினப்படுத்திய மேல்தோல் போனால் ஒரே இழுப்பில் இரண்டு தோட்டா வெடிக்கும். அப்படி ஒருமுறை நடந்தாலும் சுடுவதை நிறுத்தி, கைதேர்ந்தவரிடம் கொடு.

உன்னுடையது 16 காஜா (காஜ் என்பது குழல் அகலத்தின் அளவு)? ஆமென்றால் அறையின் நீளத்தை அளந்து எழுது. பழையவற்றில் 65 மி.மீ. உண்டு, இப்போது கடையில் கிடைக்கும் தோட்டாவுக்கு 70 வேண்டும்.

அப்பா