ஐந்து குழந்தைகளும் ஐந்து விதம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் பராமரிப்பு நிலையங்களில் 2 முதல் 18 மாதக் குழந்தைகள் 5 பேருக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது விதி. ஆனால் அந்த ஐவருக்கும் ஒரே மணிக்குப் பசிக்காது. வாயை இறுக்கி முகத்தைத் திருப்பினால் 'போதும்' என்று பொருள். புட்டியைத் திணித்தால் கக்கிவிடும். கண் கசக்குவதும் காதை இழுப்பதும் தூக்கத்தின் அறிகுறி. அதைத் தவறவிட்டால், களைப்பு மீறிய பிள்ளையை உறங்கவைப்பது பெரும்பாடு.

நம் வீட்டுத் தூளியில் பழகிய பிள்ளை கட்டிலில் அழுவது அடம் அல்ல. நிலையத்தில் சேர்ப்பதற்கு இரண்டு வாரம் முன்பே, பகல் தூக்கம் ஒன்றையாவது கெட்டியான, சமமான மெத்தையில் மல்லாக்கப் படுக்கவைத்துப் பழக்குங்கள். தாலாட்டு மட்டும் அப்படியே இருக்கட்டும். அதன் முதல் வரியைப் பராமரிப்பாளருக்கும் எழுதிக் கொடுங்கள்.

டயப்பர் மாற்றும்போதும் 'தூக்கட்டுமா?' என்று கேட்டுச் சில விநாடி காத்திருங்கள். பிள்ளையே கை நீட்டும்.

பாலர் பராமரிப்பாளர்கள் சிலர்,
ஈசூன்