வலிக்கும் மணி

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் சுகம். உன் பார்க்கின்சன் நோயாளிக்கு விடியற்காலையில் கால் முறுக்கி வலிக்கிறது, நரம்பு வலி மாத்திரைக்கும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். வலிக்கும்போது பாதத்தை ஒருமுறை பார்த்துவிடு. கட்டைவிரல் நிமிர்ந்து, மற்ற விரல்கள் மடங்கி, பாதம் உட்பக்கம் திரும்பியிருந்தால் அது டிஸ்டோனியா, அதாவது தசை தானாக இறுகி முறுக்கிக்கொள்வது. ராத்திரி போட்ட லெவோடோபா, மூளையில் டோபமினாக மாறும் பார்க்கின்சன் மாத்திரை, விடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது. காலை மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் விரல்கள் தளர்ந்தால் சந்தேகமே வேண்டாம். மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் தலைமாட்டிலேயே இருக்கட்டும். விழித்ததும் போட்டுக்கொண்டு, கால் தளர்ந்த பிறகு எழுந்தால் போதும். அவசரப்பட்டு ஊன்றினால் விழுந்துவிடுவார்.

வேறு வலி என்றாலும் முதலில் கடிகாரத்தைப் பார். மூன்று நாளைக்கு மாத்திரை போட்ட மணி, சாப்பிட்ட மணி, வலி வந்த மணி, வலி 0 முதல் 10 வரை எவ்வளவு என்று வீட்டில் ஒரு நோட்டில் எழுதட்டும். அசைவை நடத்தும் மூளை ரசாயனமான டோபமின் இறங்கினால் விறைப்போடு வலி தாங்கும் அளவும் குறையும். மருந்து இருக்கும்போது பொறுத்துக்கொண்ட முதுகுவலியே அப்போது தாங்காது.

மதியம் மட்டும் மருந்து வேலை செய்யவில்லையென்றால் பருப்பையும் பாலையும் விசாரி. புரதம் லெவோடோபாவை உள்ளே போகவிடாமல் போட்டி போடும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ ஒரு மணி நேரம் கழித்தோ வெறும் தண்ணீரில் போட வேண்டும்.

தோள்பட்டை வலி நடுக்கத்துக்கு முன்பே வரலாம். பலருக்கு மூட்டு இறுகிவிட்டது என்று ஊசி போட்டே மாதங்கள் ஓடிவிடும். நடக்கும்போது அந்தப் பக்கத்துக் கை வீசாமல் இருந்தால் அது பார்க்கின்சன் அறிகுறி, அதை யாரும் பார்ப்பதில்லை. 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதிய கட்டுரையிலேயே வாதவலியைப் பற்றிய பேச்சு இருக்கிறது!

ராசாஜிலின், செலிஜிலின் என்ற பார்க்கின்சன் மாத்திரைகள் போடுகிறவருக்கு டிராமடால் என்ற வலி மருந்தை எழுதிவிடாதே. செரட்டோனின் என்ற மூளை ரசாயனம் ஏறி ஆபத்தாகும். வலி மருந்தால் வாந்தி என்று மெட்டோகுளோப்ரமைடு என்ற வாந்தி மருந்தைக் கொடுத்தால் அது டோபமினை அடைத்து விறைப்பைக் கூட்டும், கூடவே வலியும் ஏறும். முகத்தை வைத்து முடிவு செய்யாதே, அந்த இறுகிய முகத்தில் வேதனை தெரியாது. வாய்விட்டுக் கேள்.

ஹன்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோய் உள்ளவரைப் பற்றிக் கேட்டாயே, அங்கே கதை தலைகீழ். பெரிய அடி பட்டாலும் பலர் வலி என்று சொல்வதில்லை. குளிப்பாட்டும்போது பாதம், முழங்கை, வாய்க்குள் பல் எல்லாவற்றையும் தினம் பார்க்கச் சொல். திடீரென்று சிடுசிடுத்தாலோ சாப்பாட்டை ஒதுக்கினாலோ முதல் சந்தேகம் வலி மேல் போகட்டும்.

நோட்டுப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. ராத்திரிக்கு மெதுவாகக் கரையும் மாத்திரை சேர்க்கலாமா என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரகு