கைக்கு அடக்கமான டிஎஸ்எல்ஆர் வேண்டுமா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. "முதல் கேமரா, சின்னதாக இருக்க வேண்டும், டிஎஸ்எல்ஆர்தான் வேண்டும், எதை வாங்க?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். பதில் அவ்வளவு சுருக்கமாக இருக்காது.

முதலில் ஒரு செய்தி. இந்த ரகத்தில் இப்போது யாரும் புதிய மாடல் கொண்டுவருவதில்லை. 2018-இல் வந்த நிக்கான் டி3500-இன் தயாரிப்பு 2022-இலேயே நின்றுவிட்டது. கேனான் 200டி மார்க் 2 வந்தது 2019-இல்; சில நாடுகளில் அதற்கே 250டி என்று பெயர். மிச்சமிருக்கும் சரக்கு, இல்லையென்றால் யாரோ வைத்திருந்த கேமரா, பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் உன் கைக்கு வரும். அதனால் எந்த மாடல் என்பதோடு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

எடையைக் கேட்டிருந்தாய். பேட்டரி, கார்டு சேர்த்து டி3500 415 கிராம், 200டி மார்க் 2 449 கிராம். 2013-இல் வந்த கேனான் 100டி இன்னும் லேசு, 407 கிராம்தான். ஆனால் அதன் பேட்டரி 380 படத்தோடு படுத்துவிடும். இந்த நாற்பது கிராம் வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதே. டிஎஸ்எல்ஆரில், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குக் காட்சியைத் திருப்பிவிடும் கண்ணாடி ஒன்று உள்ளே மேலும் கீழும் ஆட இடம் வேண்டுமே! லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் படத்தைப் பதியும் சென்சாருக்கும் நடுவே கேனானில் 44 மி.மீ, நிக்கானில் 46.5 மி.மீ இருந்தே தீரும். பாடியை அதற்கு மேல் ஒல்லியாக்க முடியாது. பைக்குள் இடத்தை அடைப்பது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் லென்ஸ்தான்.

கேமராவோடு சேர்த்துத் தரும் கிட் லென்ஸான 18-55 இரண்டு கம்பெனியிலும் 60 மி.மீ-க்குச் சற்று மேல் நீளம், 200 கிராமுக்குச் சற்று மேல் எடை. கேனானின் 24 மி.மீ எஃப்/2.8 'பான்கேக்' என்னும் தட்டை லென்ஸோ 23 மி.மீ-கூட இல்லை, 125 கிராம். அதை 200டி மார்க் 2-இல் மாட்டினால் மொத்தம் 574 கிராம், கோட்டுப் பையில்கூட நுழையும். இதன் சென்சார் ஃபிலிமைவிடச் சிறியது; அதனால் 1.6 மடங்குக் கணக்கில், ஃபிலிம் கேமராவில் 38 மி.மீ லென்ஸ் காட்டும் அளவு காட்சிதான் தெரியும். தெரு, வீடு, சாப்பாட்டு மேசை எல்லாவற்றுக்கும் போதும். டி3500-க்கு ஆட்டோ ஃபோகஸ் உள்ள இப்படியொரு தட்டை லென்ஸை நிக்கான் போடவே இல்லை. உனக்கு நான் கேனானைச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் உன் கண். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டிருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். வியூஃபைண்டரைப் பார்வைக்கேற்பத் திருத்த அதன் பக்கத்தில் இருக்கும் குட்டிச் சக்கரம் டி3500-இல் +0.5 பவர் வரைதான் போகும், கேனானில் +1 வரை. லென்ஸ் வழியே தெரியும் காட்சியைப் பார்க்காதே, உள்ளே தெரியும் ஃபோகஸ் புள்ளிகள் கூர்மையாகும்வரை சக்கரத்தைத் திருப்பு. வாங்கும் முன் இதைச் செய்து பார். புள்ளிகள் மங்கலாகவே இருந்தால் அந்தக் கேமரா உனக்கு ஒத்துவராது.

நிக்கானிலும் விசேஷம் இல்லாமல் இல்லை. ஒரு சார்ஜில் 1550 படம்; கேனானில் 1070, திரையைப் பார்த்தே எடுத்தால் 320 தான். ஆனால் டி3500-இன் திரை திரும்பாது, தொட்டால் வேலை செய்யாது, மைக் செருகவும் வழியில்லை. எப்போதும் கண்ணை வைத்துத்தான் எடுப்பேன் என்றால் அதுவும் நல்ல கேமராதான்.

நிக்கானென்று முடிவெடுத்தால் ஒரு பொறி இருக்கிறது. டி3500-இன் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கும் லென்ஸ்கள்தான் தானாக ஃபோகஸ் ஆகும். மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 மி.மீ எஃப்/1.8டி வாங்கினால் கையால் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கேனானில் பொறி ஃபிளாஷில் இருக்கிறது. 200டி மார்க் 2-இன் மேலே ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடுவிலிருக்கும் மின் தொடுமுனையை எடுத்துவிட்டார்கள். அந்த ஒற்றைத் தொடுமுனையை நம்பியிருக்கும் பழைய சாதாரண ஃபிளாஷ் இதில் மின்னாது.

பழையதை வாங்கினால் அங்கேயே மூன்று சோதனை செய். முதலில் லென்ஸ்: கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்த்து அடி. நாலைந்து தூசி பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் பூஞ்சை, கீழே வைத்துவிடு. அடுத்து சென்சார்: ஐஎஸ்ஓ 100, எஃப்/16, ஃபோகஸைக் கையால் கலைத்துவிட்டு வெள்ளைச் சுவரை எடு. கரும்புள்ளி தெரிந்தால் சென்சார் தூசி, சுத்தம் செய்யலாம். வியூஃபைண்டரில் மட்டும் தெரியும் தூசி படத்தில் வராது, அதைக் காட்டி விலை குறைக்கலாம், அவ்வளவுதான். ரப்பர் பல்பால் ஊது, வாயால் ஊதாதே, எச்சில் தெறித்தால் கறை.

மூன்றாவது ஃபோகஸ், இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கேமராவை அசையாமல் ஒரு மேசையில் வைத்து, அச்சடித்த பக்கம் ஒன்றை வியூஃபைண்டர் வழியாக ஒரு முறை, திரை வழியாக ஒரு முறை ஃபோகஸ் செய்து எடு. இரண்டு வழிக்கும் தனித்தனி ஏற்பாடு. எஃப்/1.8 போலத் துளை அகலமான லென்ஸ் கிடைத்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். திரை வழிப் படம் கூர்மையாகவும் மற்றது ஒவ்வொரு முறையும் மங்கலாகவும் வந்தால் ஃபோகஸ் தள்ளிப்போயிருக்கிறது. விலை கூடிய மாடல்களில் அதை மெனுவிலேயே திருத்தலாம், இந்த ரகத்தில் அந்த வசதி இல்லை, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. நிக்கானைப் பார்க்கப் போனால், அதில் எடுத்த ஒரு படத்தை எனக்கு அனுப்பு. ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்பது அந்த ஃபைலுக்குள்ளேயே பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் அழிந்துபோகும், டாக்குமென்டாக அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்