ஏர்கோன் பெட்டியைக் கழற்றும் வேலைக்கு ஒரு நாள் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் ஓட்டையானால், பல கார்களில் டேஷ்போர்டை இறக்கி ஏர்கோன் பெட்டியை முழுதாக வெளியே எடுக்க வேண்டும். புதுக் காயில் போட்டுச் சில மாதத்திலேயே கம்ப்ரசர் போய்விட்டது என்று கோலாலம்பூரில் பலர் குறைப்படுகிறார்கள். பெரும்பாலும் வேலையை அவசரமாக முடித்ததுதான் காரணம்.

பைப்பைத் தளர்த்திக் கேஸைக் காற்றில் விடும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. பல கார்களில் உள்ள ஆர்134ஏ என்ற கேஸ் ஓசோனைக் கெடுக்காது. ஆனால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். சீறிக்கொண்டு வெளியேறும்போது கம்ப்ரசர் எண்ணெயையும் இழுத்துச் செல்லும். கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் மெஷின் வைத்து இழுத்தால் எவ்வளவு கேஸ், எவ்வளவு எண்ணெய் வந்தது என்று தெரியும்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்த பிறகே ஏர்பேக்கின் மஞ்சள் சாக்கெட்டைத் தொட வேண்டும். இங்குள்ள பல சிறிய கார்களில் ஹீட்டர் கிடையாது. ஐரோப்பியக் கார்களில் உண்டு. அந்த ஹீட்டருக்குள் என்ஜினின் கூலண்ட் ஓடுவதால், என்ஜின் ஆறிய பின் அதை வடித்துவிட வேண்டும். மிச்சத்தை ஹீட்டர் குழாயில் மெதுவாகக் காற்று ஊதி வெளியேற்றாவிட்டால், பெட்டியைச் சாய்த்ததும் கார்ப்பெட் நனைந்துவிடும்.

எங்கள் அனுபவத்தில் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான்: கழற்றிய பைப் முனைகளை உடனே மூடுவதில்லை. கம்ப்ரசரில் ஊற்றும் பிஏஜி எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அந்த ஈரம், காயிலுக்குள் கேஸை விடும் எக்ஸ்பேன்ஷன் வால்வின் சிறு துளையில் உறைந்து அடைக்கும். எண்ணெயோடும் கேஸோடும் சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் ட்ரையரையும் சேர்த்து மாற்றச் சொல்வது இதற்காகத்தான், கூடுதல் காசு பார்க்க அல்ல.

பைப் இணைப்புகளில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்களைப் புதிதாக, எண்ணெய் தடவிப் போட வேண்டும். பழைய காயிலோடு போன எண்ணெயை ஈடுகட்ட, அந்தக் காரின் கையேடு சொல்லும் அளவை ஊற்ற வேண்டும். தண்ணீர் வடியும் குழாய் மடங்கினால் முன்பயணியின் காலடியில் தண்ணீர் தேங்கும்.

பம்பு வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்கும் வேக்குவம் வேலைக்கு ஐந்து நிமிடம் போதாது. குறைந்தது 30 நிமிடம் இழுத்து, பம்பை நிறுத்திய பின் 15 நிமிடம் மீட்டர் முள் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு பானெட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி, தராசில் வைத்துக் கேஸ் ஏற்ற வேண்டும். ஸ்டிக்கரில் ஆர்1234ஒய்எஃப் என்றிருந்தால் அது வேறு கேஸ், தீப்பிடிக்கக்கூடியது; இரண்டையும் கலக்கவே கூடாது.

கார் வைத்திருப்பவர்களே, மாலைக்குள் வேண்டும் என்று மெக்கானிக்கை நெருக்காதீர்கள். வேக்குவம் மீட்டரையும் தராசையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
கார் ஏர்கோன் பழுதுபார்ப்போர் சிலர்,
செந்தூல், கோலாலம்பூர்.